24-இல் 5 போகாது

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்துச் சின்னக் கோயில்கள் பலவற்றில் ஓர் இரும்புச் சட்டகம் நிற்கும். ஒரு மோட்டார், ஒரு பெல்ட், ஒரு தண்டு. தண்டில் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் முளைகள். சுவிட்சைப் போட்டால் தண்டு சுற்றும். ஒரு முளை முரசைத் தட்டும், இன்னொன்று சேகண்டியை, மூன்றாவது மணியை. தீபாராதனை நேரத்தில் மேளக்காரர் இல்லாத குறையை அது தீர்த்து வைக்கிறது. மோட்டார் மேளம் என்போம். பெரியவர்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது. மனுஷன் அடிக்க வேண்டியதைக் கரண்ட் அடிக்கிறது என்பார்கள். எனக்கு அது பிடிக்கும். இன்றைக்கும் ஏதாவது கோயிலில் அது ஓடிக்கொண்டிருந்தால் சாமியைவிட அதைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

காரணம், அது ஒரு சீக்வென்சர். எந்த நொடியில் எந்த ஒலி வரவேண்டும் என்பதை முன்கூட்டியே ஒரு வரிசையாக எழுதி வைத்து, அந்த வரிசையைத் திரும்பத் திரும்ப ஓட்டும் கருவிக்குத்தான் சீக்வென்சர் என்று பெயர். மோட்டார் மேளத்தில் அந்த எழுத்து, தண்டில் பற்றவைத்த முளைகள். நான் வீட்டில் செய்து வைத்திருக்கும் பெட்டியில் அது 16 பொத்தான்கள், 16 சின்ன விளக்குகள், உள்ளே ஒரு மைக்ரோகன்ட்ரோலர். பொத்தானை அழுத்தினால் அந்த இடத்தில் முளை இருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு முறை அழுத்தினால் முளை போய்விடும்.

மோட்டார் மேளத்தில் ஒரு பெரிய வசதி உண்டு. முரசும் மணியும் சேகண்டியும் ஒரே தண்டில் இருப்பதால் ஒன்றை விட்டு ஒன்று நழுவவே முடியாது. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் மூன்றும் சேர்ந்தே சோர்ந்துபோகும். தாளம் மெதுவாகும், ஆனால் கலையாது. அந்த மோட்டாருக்கும் ஒரு கடிகாரம் இருக்கிறது, அது கோயிலுக்கு வெளியே இருக்கிறது. நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை முழுச் சுற்று அடிக்கிறது, மோட்டாரின் வேகம் அந்த எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் ஓடுகிறது. 2013 டிசம்பர் 31 வரை தென்மாநிலங்களின் மின்தொகுப்பு தனித் துடிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. அன்றுதான் ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் கம்பி வழியாக நாட்டின் மற்ற தொகுப்போடு அது ஒத்திசைக்கப்பட்டது. அன்றிலிருந்து எங்கள் ஊர் மோட்டார் மேளமும் டெல்லியில் ஏதோ ஒரு மாவு மில்லும் ஒரே துடிப்பைக் கேட்டுக்கொண்டு ஓடுகின்றன. இதை யாரிடம் சொன்னாலும் ஒருமாதிரியாகத்தான் பார்க்கிறார்கள்.

தண்டு இரண்டானால்தான் தொல்லை ஆரம்பம்.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள் நிறைய. ஒரு ஷெட்டுக்குள் போனால் காது அடைத்துப்போகும். கொஞ்ச நேரம் நின்று பழகிய பிறகு வேறொன்று கேட்க ஆரம்பிக்கும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு தறிகள் ஏறக்குறைய ஒரே வேகத்தில் அடிக்கும், ஆனால் மிகச் சரியாக ஒரே வேகத்தில் இல்லை. ஒன்று நிமிடத்துக்கு 120 அடி, இன்னொன்று 121 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கணம் இரண்டும் ஒன்றாக விழும், பிறகு மெல்லப் பிரியும், ஒன்றின் நடுவில் மற்றது புகும், நிமிட முடிவில் மறுபடி ஒன்றாகும். அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1965-இல் ஒரே பேச்சுத் துண்டை இரண்டு டேப்புகளில் ஓடவிட்டு, அவை நழுவுவதையே இசையாக்கினார். சத்திரப்பட்டியில் அது தினமும் மூன்று ஷிப்ட்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பாட்டுக்கு வாசிக்க வேண்டும் என்றால் நழுவல் ஆகாது. என் பெட்டியில் 120 என்று வேகம் வைத்து, பக்கத்தில் லேப்டாப்பிலும் 120 வைத்து இரண்டையும் ஒரே நேரத்தில் தட்டிவிட்டால், இரண்டும் 120-இல் ஓடாது. என் மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் இருப்பது செராமிக் ரெசனேட்டர். மலிவான பொருள், அரை சதவீதம் வரை பிசகலாம். அரை சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் மூன்று நொடி. நல்ல குவார்ட்ஸ் படிகம் போட்டால் பிழை பத்து லட்சத்துக்கு ஐம்பது, நூறு என்ற அளவுக்கு வந்துவிடும். நூறு என்றே வைத்தாலும் பத்து நிமிடத்தில் 60 மில்லிநொடி. இரண்டு கைதட்டல்கள் 60 மில்லிநொடி தள்ளி விழுந்தால் இசை தெரியாதவர்கூட முகம் சுளிப்பார். ஆக, எவ்வளவு காசு கொட்டினாலும் இரண்டு கடிகாரங்கள் தாமாகச் சேர்ந்து ஓடப்போவதில்லை. ஒன்று சொல்ல வேண்டும், மற்றது கேட்க வேண்டும். கேட்கும் பெட்டியைப் பொறுத்தவரை, சொல்வதுதான் வெளிக்கடிகாரம்.

இதற்கு ஒரு தரம் ஏற்கெனவே இருக்கிறது. ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கிய இகுடாரோ காகேஹாஷி இளைஞராக இருந்தபோது செய்த தொழில் கடிகாரம் பழுதுபார்ப்பது. இசைக்கருவிகளுக்குள் கடிகாரத்தை நுழைத்தவர்களில் ஒருவர் கடிகாரக் கடைக்காரர் என்பது எனக்கு மிகவும் திருப்தியான செய்தி. எண்பதுகளின் தொடக்கத்தில் ரோலண்டின் தாளப்பெட்டிகள் ஒரு கம்பி வழியாகத் துடிப்புகளை அனுப்பின, ஒரு கால்சுர அளவுக்கு, அதாவது ஒரு அட்சரத்துக்கு 24 துடிப்பு. கோர்க் நிறுவனம் 48 அனுப்பியது. ஆளுக்கொரு கணக்கு. பிறகு காகேஹாஷியும் அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் முன்கை எடுத்து, 1983-இல் மிடி என்ற பொதுமொழி வந்தது. அதிலும் 24 நின்றுவிட்டது. மிடியில் 248 என்ற எண் வந்தால் ஒரு துடிப்பு. 250 வந்தால் ஆரம்பி, 252 வந்தால் நிறுத்து. அவ்வளவுதான் அதன் தாள இலக்கணம். நாற்பது வருஷம் தாண்டியும் உலகத்தின் பெரும்பாலான மின்னிசைக் கருவிகள் இந்த எண்களைத்தான் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இந்தியாவில் இந்தப் பெட்டிகளை வைத்து என்ன செய்யலாம் என்று முதலில் காட்டியவர்களில் ஒருவர் சரண்ஜித் சிங், பம்பாய் சினிமா வாத்தியக்காரர். 1982-இல், மிடி வருவதற்கு முன்பே, ரோலண்டின் டிபி-303, டிஆர்-808, ஜூபிடர்-8 மூன்றையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். அப்போது யாரும் சீண்டவில்லை. 2010-இல் மறுபடி வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. நம்மூரில் 1986-இல் இளையராஜா 'புன்னகை மன்னன்' படத்துக்குச் சீக்வென்சரைப் பயன்படுத்தினார். அந்தப் பாட்டுகளை எங்கள் பக்கத்துக் கச்சேரி மேடைகளில் கையால் வாசித்தவர்களில் ஒருவர் என் சித்தப்பா. “மெஷின் வாசிச்சதை மனுஷன் வாசிச்சோம்டா, விரல் ஒடிஞ்சு போச்சு” என்பார்.

சித்தப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயத்தைச் சொல்ல முடியாது. டோலக், தபேலா, பிறகு ரிதம் பேட். இருபது வருஷத்துக்கு மேல் மெல்லிசைக் குழு. பங்குனிப் பொங்கல், கொடை, கல்யாணம் என்று வேனில் சுற்றியவர். குழுக்கள் ஒவ்வொன்றாக ‘டிராக்’குக்கு மாறின. பாட்டின் வாத்திய இசை முழுக்க லேப்டாப்பில் ஓடும், பாடகர் மட்டும் பாடுவார். வாத்தியக்காரர்கள் இருந்தாலும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அதில் வரும் டிக் டிக் சத்தத்துக்கு வாசிக்க வேண்டும். சித்தப்பாவுக்கு அது முடியாத காரியம் இல்லை. துல்லியமாகவே வாசிப்பார். அவருடைய குறை வேறு. “பல்லவி முடிஞ்சதும் கூட்டம் விசில் அடிக்கும். பாடுறவன் அந்த சந்தோஷத்துல ஒரு இழுப்பு இழுப்பான். நாம அதுக்கு இடம் குடுத்து, ஒரு உருட்டு உருட்டி அவனைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கணும். அதுதான்டா வேலை. காதுல டிக்டிக் இருந்தா அது எப்படி?” கடைசியில் ஒரு குழுவோடு மனஸ்தாபம், அத்தோடு மேடையை விட்டார். இப்போது தறி ஷெட் ஒன்றில் மேற்பார்வை.

நான் வெளிக்கடிகாரத்தைப் பெட்டியோடு இணைத்துக்கொண்டிருந்த நாட்களில் அவர் சாயங்காலம் வந்து உட்காருவார். ஒரு வார்த்தை கேட்க மாட்டார். காபி குடிப்பார், விளக்குகள் ஓடுவதைப் பார்ப்பார், போய்விடுவார். லேப்டாப் அனுப்பும் துடிப்பை என் பெட்டி கேட்டு, அது நிறுத்தினால் நின்று, ஓடினால் ஓடத் தொடங்கிய அன்றைக்குத்தான் வாய் திறந்தார்.

“கண்ட நடை வருமா?”

நம் இசையில் ஒரு அட்சரத்தைப் பல விதமாகப் பிரிக்கலாம். மூன்றாகப் பிரித்தால் திஸ்ரம், நான்காகப் பிரித்தால் சதுஸ்ரம், ஐந்து கண்டம், ஏழு மிஸ்ரம், ஒன்பது சங்கீர்ணம். மிடியின் 24 அழகாக மூன்றால் வகுபடும், நான்கால் வகுபடும், ஆறு, எட்டு, பன்னிரண்டு எல்லாம் போகும். ஐந்து போகாது. ஏழு போகாது, ஒன்பதும் போகாது. அந்த எண்ணைத் தேர்ந்தவர்கள் யாரையும் ஒதுக்க நினைத்திருக்க மாட்டார்கள். அவர்கள் காதில் இருந்த இசைக்கு மூன்றும் நான்கும் போதுமானதாக இருந்தது. ஆனால் விளைவு என்னவென்றால், தகதகிட என்று எந்தக் குழந்தையும் சொல்லும் ஒரு நடை, உலகத் தரத்தின் துடிப்புகளுக்கு இடையில் போய் விழுகிறது. ஐந்து எழுத்துகளும் 0, 4.8, 9.6, 14.4, 19.2 ஆகிய இடங்களில் வரவேண்டும். துடிப்புகளோ முழு எண்களில்தான் வருகின்றன.

தரத்தை அப்படியே வைத்துக் கேட்டுப் பார்க்கலாம் என்று, ஒவ்வோர் எழுத்தையும் அருகில் இருக்கும் துடிப்பில் உட்கார வைத்தேன். 0, 5, 10, 14, 19. இடைவெளிகள் 5, 5, 4, 5, 5. நிமிடத்துக்கு 90 அட்சர வேகத்தில் ஒவ்வொரு எழுத்தும் 133 மில்லிநொடி நிற்க வேண்டும். இதில் நான்கு எழுத்து 139 நிற்கிறது, ஒன்று மட்டும் 111. வித்தியாசம் இருபத்துச் சொச்சம் மில்லிநொடி. சித்தப்பாவுக்குத் திரையைக் காட்டவில்லை, கணக்கையும் சொல்லவில்லை. இரண்டு சுற்று ஓடவிட்டேன்.

“மூணாவது எழுத்துல நொண்டுது” என்றார்.

ஏழைப் போட்டேன். அங்கே இடைவெளிகள் 3, 4, 3, 4, 3, 4, 3 என்று வரும். “இது குதிரை. தகிட தகதிமி கிடையாது” என்றார். அவர் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எனக்குப் பகலில் நூற்றுக்கணக்கான சர்வர்களின் கடிகாரங்களை ஒன்றோடொன்று சரிபார்க்கும் வேலை, அதற்கு மென்பொருள்கள், வரைபடங்கள், எச்சரிக்கை மணிகள். இந்த மனுஷர் காதில் அத்தனையும் இருக்கிறது.

தீர்வு கணக்கில் எளிது. வரும் 24 துடிப்புகளை வைத்து நாமே உள்ளே இன்னும் நுண்ணிய துடிப்புகளை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். இரண்டு துடிப்புக்கு இடையிலான நேரத்தை அளந்து அதை 35 பங்காகப் பிரித்தால் அட்சரத்துக்கு 840. அது மூன்றால், நான்கால், ஐந்தால், ஏழால் எல்லாம் மீதியில்லாமல் போகும். கண்டத்துக்கு 168, மிஸ்ரத்துக்கு 120. 90 வேகத்தில் ஒரு நுண்துடிப்பு 0.8 மில்லிநொடிக்கும் குறைவு. 16 மெகாஹெர்ட்ஸ் சில்லுக்கு அது பெரிய சுமை இல்லை. சங்கீர்ணத்தையும் சேர்க்க 2520 வேண்டும். அதை விட்டுவிட்டேன், சித்தப்பாவும் கேட்கவில்லை.

நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. லேப்டாப்பிலிருந்து வரும் துடிப்புகள் சீராக வருவதில்லை. ஒன்று ஒரு மில்லிநொடி முந்தும், அடுத்தது இரண்டு பிந்தும். கடைசி இடைவெளியை மட்டும் நம்பி 35 பங்கு போட்டால் பெட்டி நடுங்கும். ஆகவே கடந்துபோன பல இடைவெளிகளின் சராசரியை வைத்து, அடுத்த துடிப்பு எப்போது வரும் என்று முன்கூட்டியே ஊகித்து, வந்ததும் ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பகுதியை மட்டும் திருத்திக்கொள்ள வேண்டும். பொறியியல் பாடப்புத்தகத்தில் இதற்கு ஃபேஸ் லாக்டு லூப் என்று பெயர். நான்காவது செமஸ்டரில் இதைப் படித்து மார்க் வாங்கி மறந்திருந்தேன். உண்மையில் அது என்னவென்று தெரிந்துகொள்ள ஆண்டாள் கோயில் தேரை நினைத்தால் போதும். ஆடிப்பூரத்தன்று ரத வீதியில் தேர் திரும்பும்போது சக்கரத்தின் அடியில் கட்டை போடுகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? தேர் ஓரடி விலகினால் ஓரடியையும் ஒரே கட்டையில் திருப்ப மாட்டார்கள். அப்படிச் செய்தால் தேர் அந்தப் பக்கம் போய் நிற்கும். கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, நாலு முழம் ஓடவிட்டு, மறுபடி கொஞ்சம்.

கண்ட நடை நொண்டாமல் ஓடிய அன்றைக்குச் சித்தப்பா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். தலையாட்டினார். பிறகு சொன்னார்: “மெஷினுக்கு மெஷின் சேர்ந்துருச்சு, சரி. இப்போ நான் வாசிச்சா, நான்தான அதுக்குப் பின்னால போகணும்?”

“ஆமா சித்தப்பா. கிளாக் அதுகிட்ட இருந்துதான வருது.”

“அப்போ இது டிராக்தான்டா. லைட்டு வெச்ச டிராக்.”

எனக்குக் கோபம் வந்தது. மாதக்கணக்கில் செய்த வேலை. ஆனால் அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. வெளிக்கடிகாரம் என்றால் இன்னொரு பெட்டி என்று நானாக ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? பெட்டியைப் பொறுத்தவரை வெளியே இருக்கும் எதுவும் வெளிக்கடிகாரம்தான். அவரும்தான்.

பியெசோ தகடு ஒன்று, பிறந்தநாள் அட்டைக்குள் பாடுமே அந்த மெல்லிய பித்தளை வட்டம், பத்திருபது ரூபாய். அதை டோலக்கின் மரத்தில் இடந்தலைப் பக்கம் ஒட்டினேன். அடி விழுந்தால் சின்ன மின்னழுத்தம் எழும். அதைப் பெட்டி ஒரு துடிப்பாக எடுத்துக்கொள்ளும். 24 துடிப்பு கிடையாது, அட்சரத்துக்கு ஒன்றோ இரண்டோதான். நடுவில் அவர் போடும் சில்லறை அடிகளை ஒதுக்க வேண்டும், ஒரே அடியின் அதிர்வை இரண்டாக எண்ணாமல் இருக்க வேண்டும். ஊகத்துக்கு அருகில் விழும் அடியை மட்டும் துடிப்பாக நம்புவது என்று வைத்துக்கொண்டேன்.

அவர் வாசித்ததைப் பதிவு செய்து பார்த்தபோது வேகம் ஓரிடத்தில் நிற்கவில்லை. காதுக்குச் சீராகத்தான் இருந்தது. அளந்தால் சரணத்துக்குள் நுழையும்போது கொஞ்சம் முந்துகிறார், பல்லவிக்குத் திரும்பும்போது கொஞ்சம் தளர்கிறார். மறுநாள் அதே பாட்டு, அதே இடங்களில் அதே அசைவு. செராமிக் ரெசனேட்டரின் பிசகு சூட்டுக்கும் குளிருக்கும் வருவது. இது அவர் வேண்டுமென்றே செய்வது, தாம் செய்வது அவருக்கே தெரியாவிட்டாலும்.

திருத்தத்தை எவ்வளவு வைப்பது என்பதில்தான் நாலைந்து வாரம் போயிற்று. அவர் 20 மில்லிநொடி பிந்தினால் பெட்டி உடனே எவ்வளவு பின்வாங்க வேண்டும்? முழுதாக 20 பின்வாங்கினால், அவர் கை தற்செயலாகத் தடுமாறியதையும் சேர்த்துப் பின்பற்றி, எசமானுக்குப் பயந்த வேலையாள்போல் வாசித்தது. “ஏன்டா இப்படிப் பம்முது” என்றார். மிகக் குறைவாக வைத்தால் அது பாட்டுக்குப் போனது, அவர்தான் இழுபட்டார். கடைசியில் இடத்தில் பாதி, வேகத்தில் எட்டில் ஒரு பங்கு என்று வந்து நின்றது. அதாவது 20 பிந்தினால் இப்போதே 10 நகர்கிறது, அடுத்த அட்சரத்தின் நீளத்தை 2.5 கூட்டிக்கொள்கிறது. இந்த எண்களை எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்து வைத்தவை.

ஊகிக்காமல், அடி விழுந்த பிறகு வாசித்தால் என்ன என்று நண்பன் ஒருவன் கேட்டான். அதற்கும் தேர்தான் பதில். வடம் நீளமானது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். ஒருவர் கோவிந்தா என்று குரல் கொடுத்தால் 50 மீட்டர் தள்ளி நிற்பவர் காதில் அது விழ ஏழில் ஒரு பங்கு நொடி ஆகிவிடும், அதன் பிறகு அவர் கை இழுக்க இன்னும் கொஞ்சம். ஒவ்வொருவரும் கேட்ட பிறகு இழுத்தால் அந்தத் தேர் நிலையை விட்டு நகராது. ரெண்டு குரல் கேட்டதுமே மூன்றாவது எப்போது வரும் என்று உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது, குரல் வருவதற்குள் எடை வடத்தில் இறங்கிவிடுகிறது. மார்கழியில் அதே கோயிலில் அரையர் சேவை பார்த்தவர்கள் அரையரின் கையிலிருக்கும் தாளத்தைக் கவனித்திருப்பார்கள். அது பாசுரத்துக்குப் பின்னால் ஓடி வருவதில்லை.

கடைசிச் சிக்கல் நிறுத்தம். மிடிக்கு 252 என்ற எண் இருக்கிறது, வந்தால் நிற்கலாம். சித்தப்பாவிடம் அப்படி எதுவும் இல்லை. அவர் வாசிப்பில் பெரிய அழகே அவர் அடிக்காமல் விடும் இடங்கள்தான். இரண்டு அட்சரம் கையைத் தூக்கி வைத்திருப்பார், மூன்றாவதில் இறங்குவார். பெட்டிக்கு அந்த மௌனமும் அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போன மௌனமும் ஒன்றுதான். உடனே நின்றால் கார்வை செத்துப்போகும். நிற்கவே இல்லையென்றால் மறுபடி மோட்டார் மேளம். எத்தனை அட்சரம் காத்திருக்கட்டும் என்று அவரிடமே கேட்டேன்.

“ஒரு ஆவர்த்தனம் பொறு. அதுக்குள்ள நான் வரலைன்னா எந்திரிச்சுப் போயிட்டேன்னு அர்த்தம்.”

ஆதி தாளத்துக்கு எட்டு. கோடில் எட்டு என்று எழுதினேன். அவர் நிறுத்தினால் பெட்டி தன் ஊகத்தை மட்டும் நம்பி எட்டு அட்சரம் ஓடும், பிறகு நிற்கும். ஏழாவது அட்சரம் வரை கையைத் தூக்கி வைத்துக்கொண்டு அதைச் சோதிப்பது இப்போது அவருக்கு ஒரு விளையாட்டு. அத்தை அடுக்களையிலிருந்து “அது பாவம், சும்மா விடுங்க” என்று சத்தம் போடுவார்.

வரும் மார்கழியில் தெரு பஜனைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். ஒரே நிபந்தனை, வால்யூம் குமிழ் அவர் பக்கம் இருக்க வேண்டும். நீளமான வயர் வாங்க வேண்டும்.